குடலை உருவும் முன் நாடி பாருங்கள்

பழைய பிரான்கோ, ஸ்கௌட், லேண்ட் குரூசர் வண்டிகளைப் புதுப்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

அமெரிக்காவில் பழைய ஜீப் ரக வண்டிகளைத் தேடிப்பிடித்துப் புதுப்பிப்பவர்களின் பொறுமை ஊரறிந்தது. தரைத்தகடு துருவேறிச் சல்லடையாகியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதுத்தகடு பற்றவைப்பார்கள். கார்புரேட்டரைப் பிரித்து ஒவ்வொரு ஜெட்டாக ஊதிப் பார்ப்பார்கள். போல்ட்டின் தலையில் எந்தத் தொழிற்சாலையின் முத்திரை இருக்கிறது என்று மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பார்கள். பெயின்ட் நிறம் ஒரு பிடி கூடிப்போனாலும் அவர்களுக்குத் தூக்கம் வராது.

அப்பேர்ப்பட்டவர்கள்தாம் டேஷ்போர்டின் நடுவிலிருக்கும் ரேடியோவுக்கு வந்ததும் அவசரக்காரர்களாகிவிடுகிறார்கள். குமிழைத் திருப்புகிறார்கள், சத்தம் வரவில்லை. ‘செத்துப்போச்சு’ என்று அங்கேயே தீர்ப்பு எழுதப்படுகிறது. பெட்டி கூரியரில் ஏறிப் போய், சில வாரங்களில் திரும்பி வருகிறது. முகம் பழைய முகம். வயிற்றுக்குள் புத்தம்புது புளூடூத் போர்டு. ஐம்பது அறுபது வருடம் அந்தப் பெட்டிக்குள் இருந்த காயில்களும் டிரான்சிஸ்டர்களும் எங்கோ ஒரு குப்பைத் தொட்டியில் கிடக்கும்.

அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரித்தான் இந்த மடல்.

பழைய கார் ரேடியோ முழுதாகச் சாவது அபூர்வம். சத்தம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று கண்டென்சர்கள்தாம் காரணமாக இருக்கும். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சருக்குள் ஈரப்பசை உண்டு. வருடக்கணக்கில் வெயிலில் வெந்த டேஷ்போர்டின் பின்னால் அது காய்ந்துவிடும். காய்ந்தால் ஒலி மெலியும். சில செட்டுகள் ‘புட்புட்’ என்று மோட்டார்ப் படகு போலத் துடிக்கும். அதைவிட்டால் வால்யூம் கண்ட்ரோலில் அடைந்த தூசி, அதிர்ச்சியில் விண்டுபோன சால்டர் முனை, ஏரியல் சாக்கெட்டின் துரு. காட்டிலும் மேட்டிலும் குதித்தோடிய வண்டிக்கு இவையெல்லாம் வயதோடு வரும் மூட்டுவலி. இதற்காகச் செட்டையே காலிசெய்வது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதைதான்.

1960களின் பின்பாதியைச் சேர்ந்த ஒரு டிரான்சிஸ்டர் செட் மேசைக்கு வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மூடியைக் கழற்றியதும் செம்மண் தூசியும், சில வேளை எலி கொறித்த பஞ்சும் கொட்டும். விவரமறிந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் பேட்டரியோடு இணைத்துவிடமாட்டார். முதலில் ஸ்பீக்கரை மாட்டுவார். அந்தக் காலத்து செட்டுகளில் கடைசி டிரான்சிஸ்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டால் அந்த டிரான்சிஸ்டர் எரிந்துபோகக்கூடும். கராஜில் நடக்கிற ரேடியோக் கொலைகளில் பல இப்படி நடப்பவைதாம்.

அடுத்து, பிளஸ் ஒயரில் வண்டியின் பிரேக் லைட் பல்பு ஒன்றைத் தொடராகக் கோப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசமாக எரிந்து காட்டிக்கொடுக்கும், செட் தப்பித்துக்கொள்ளும். அளவாக மங்கி எரிந்தால் கவலையில்லை. இந்தப் பழைய செட்டுகள் யாரும் பாடாத நேரத்திலும் ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருக்கும். அது அவற்றின் சுபாவம். குமிழைத் திருப்பும்போது ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டால் கடைசிப் பகுதிக்கு உயிர் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஏரியல் சாக்கெட்டின் நடு ஊசியைத் தொட்டால் ‘கரக்’ என்று கேட்க வேண்டும். கேட்டால் முன்வாசலும் திறந்திருக்கிறது. இவ்வளவுக்கும் ஆவது பத்து நிமிடம். கூரியர் பெட்டியைச் சுற்ற அதைவிட நேரம் பிடிக்கும்.

கண்டென்சர் மாற்றுவதிலும் ஒரு நிதானம் தேவை. ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியபின் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் மொத்தமாகப் பிடுங்கிவிட்டுப் பின்னால் திண்டாடியவர்கள் பலர். பழைய கண்டென்சரில் 16 வோல்ட் என்று போட்டிருந்தால் 25 வோல்ட் தாங்குவதாகப் பார்த்துப் போடுவது நல்லது. ஓடும் வண்டியில் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கும் மேல் தள்ளும். டயல் கண்ணாடியை மட்டும் ஆல்கஹாலோ கிளீனரோ தொட்டுத் துடைத்துவிடக் கூடாது. எண்கள் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டவை. ஒரே துடைப்பில் 6 முதல் 16 வரை அத்தனையும் பஞ்சோடு போய்விடும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருந்தால் மெல்லிய டிஷ்யூ காகிதமும் வெள்ளைப் பசையும் போதும். புதிய ஸ்பீக்கர்தான் வேண்டுமென்றால் பழையதன் ஓம் அளவைப் பார்க்க வேண்டும். 8 அல்லது 10 ஓம் எதிர்பார்க்கும் செட்டில் கடையில் சுலபமாகக் கிடைக்கும் 4 ஓமை மாட்டினால் கடைசி டிரான்சிஸ்டர் கொதித்துப்போகும்.

இன்னும் பழைய வண்டிகளின் சங்கதி வேறு. 1940களின் இறுதியிலும் 1950களின் தொடக்கத்திலும் வந்த வில்லிஸ் வேகன், டாட்ஜ் பவர் வேகன் போன்றவற்றில் இருந்தவை வால்வு செட்டுகள். வண்டியில் இருப்பது 6 வோல்ட். வால்வு கேட்பதோ 200 வோல்ட்டுக்கு மேல். நடுவில் தரகு வேலை பார்த்தது வைப்ரேட்டர் என்ற சின்ன உருளை. அதற்குள் ஒரு தகடு வினாடிக்குச் சுமார் 115 முறை துடித்து, நேர்மின்சாரத்தை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்பும். ரேடியோ போட்டதும் கேட்கும் அந்த வண்டு முரல்வது போன்ற ரீங்காரம் அதனுடையதுதான். இந்தச் செட்டுகளில் முதலில் மாற்ற வேண்டியது டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தப் பக்கத்தில் இருக்கும் பஃபர் கண்டென்சர். 1600 வோல்ட் தாங்கும் அந்த ஒன்று ஷார்ட் ஆனால் வைப்ரேட்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்தே கொண்டுபோகும். மூடி திறந்திருக்கும்போது அந்த 200 வோல்ட்டில் விரல் படக் கூடாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

வால்வே இல்லாத கார் ரேடியோவை கிரைஸ்லரும் ஃபில்கோவும் 1955ல் அறிவித்தன. கிரைஸ்லர், இம்பீரியல் கார்களில் 150 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் கிடைத்தது. ஜீப் ரக வண்டிகளுக்கு அந்த வசதி மெல்லத்தான் இறங்கி வந்தது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் ஸ்கௌட் 1961 மாடலாகவும், ஃபோர்டின் பிரான்கோ 1966 மாடலாகவும் வந்தபோது ரேடியோ என்பது தனிக்காசு கொடுத்து வாங்கும் சாமான். பண்ணைக்கும் வேட்டைக்கும் போகிற வண்டியில் அதைக் கேட்டு வாங்கியவர்களுக்கு வானிலையும் தானிய விலையும் பேஸ்பால் ஆட்டமும் தேவைப்பட்டன. எல்லா வண்டியிலும் இல்லை என்பதாலேயே அசல் செட்டுக்கு இன்று மதிப்பு.

அசல் எது, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது எது என்று கண்டுபிடிப்பதில் ஒரு துப்பறியும் சுகம் உண்டு. ஃபோர்டு வண்டிகளுக்கு ரேடியோ செய்து கொடுத்தவர்கள் ஒருவரல்லர்: பெண்டிக்ஸ், மோட்டோரோலா, 1961ல் ஃபோர்டே வாங்கிவிட்ட ஃபில்கோ என மூவர். ஃபோர்டின் பாக எண் ‘சி’ என்று தொடங்கினால் 1960கள், ‘டி’ என்றால் 1970கள். அடுத்த இலக்கம் ஆண்டு. டொயோட்டா வண்டியில் ரேடியோவின் பாக எண் 86120 என்று தொடங்கும். பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு கிழிந்துபோயிருந்தாலும் வழியிருக்கிறது. வால்யூம் கண்ட்ரோலின் முதுகில் 1376645 என்பது போல ஒரு எண் பொறித்திருக்கும். 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தின் குறி, 66 ஆண்டு, 45 வாரம். 1966 நவம்பர் வாக்கில் செய்த உறுப்பு இருக்கிற ரேடியோ 1966 ஜனவரியில் வெளிவந்த வண்டியோடு பிறந்திருக்க முடியாது.

டயலில் இன்னொரு சாட்சி உண்டு. 640லும் 1240லும் சிறு முக்கோணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா கோனல்ராட் என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. எதிரி விமானங்கள் வானொலி அலையைப் பிடித்து நகரங்களுக்கு வழி கண்டுபிடித்துவிடக் கூடாது. அதனால் ஆபத்து வேளையில் மற்ற நிலையங்களெல்லாம் அடங்க, இந்த இரண்டு இடங்களில் மட்டும் அறிவிப்பு வரும். 1953 முதல் 1963 வரை அங்கே செய்த ரேடியோக்களில் அந்த முக்கோணம் கட்டாயம். 1961 ஸ்கௌட்டின் டயலில் அது இருந்தால் பொருத்தம். 1966 பிரான்கோவில் இருந்தால் அந்தச் செட் வேறு யாரோ வீட்டுப் பிள்ளை. இப்படிப்பட்ட பெட்டியின் உள்ளுறுப்புகளை எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால், வாரமும் வருடமும் பொறித்த சாட்சியங்கள் அத்தனையும் போகின்றன.

லேண்ட் குரூசர்காரர்களுக்கு வேறொரு குழப்பம் உண்டு. 1970களின் எஃப்ஜே40 வண்டிகளில் டொயோட்டா பெயரோடு இருக்கும் ரேடியோக்களைச் செய்தது கோபே நகரத்து ஃபுஜிட்சு டென். 2017ல் டென்சோ டென் என்று பெயர் மாறிய அதே நிறுவனம். அமெரிக்காவுக்கென்று வந்த செட் கிடைக்காதபோது சிலர் ஜப்பானிலிருந்து உள்நாட்டு செட்டை வரவழைக்கிறார்கள். அதில் எஃப்எம் இருந்தால் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். அமெரிக்க எஃப்எம் தொடங்குவதே 88ல். ஆக, கேட்கக் கிடைப்பது அடியில் ஒரு துண்டு. ஏஎம்மில் அந்தச் சிக்கல் இல்லை. ஜப்பானில் நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 10; குமிழைத் திருப்பி முள்ளை நகர்த்தும் செட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். எண் காட்டும் டிஜிட்டல் செட்டுகள்தான் இதில் தடுமாறும்.

பிரிட்டிஷ் லேண்ட் ரோவர் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது எர்த். 1960களின் நடுப்பகுதி வரை அந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருந்தது. ரேடியோவின் துருவ மாற்றியைப் பார்க்காமல் இணைத்தால் டிரான்சிஸ்டர் கணத்தில் போய்விடும். அக்காலத்து ஐரோப்பிய செட்டுகளில் ஏஎஃப்114 முதல் 117 வரையிலான டிரான்சிஸ்டர்கள் இருந்தால் அவற்றின் உலோகக் குப்பிக்குள் வெள்ளீய மயிரிழைகள் வளர்ந்து உள்ளேயே ஷார்ட் ஆக்கும். குப்பியோடு இணைந்த நாலாவது காலை வெட்டிவிட்டால் பல வேளைகளில் பாட்டு திரும்பி வந்துவிடுகிறது.

செட் மேசையில் நன்றாகப் பாடி, வண்டியில் ஏறியதும் கரகரத்தால் பழியை ரேடியோவின் தலையில் போடக் கூடாது. ஸ்பார்க் பிளக் ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஒலிபரப்பு நிலையம். இரண்டாம் உலகப் போரில் வானொலி ஏற்றிய வில்லிஸ், ஃபோர்டு ஜீப்புகளில் இந்தத் தொல்லையை அடக்கச் சப்ரஸர்களும், பானெட்டையும் பாடியையும் இணைக்கும் பின்னிய செம்புப் பட்டைகளும் வைத்தார்கள். அப்படி அடக்கிய ஜீப் என்பதற்கு அடையாளமாகப் பதிவு எண்ணுக்குப் பின்னால் ‘எஸ்’ என்ற எழுத்தை எழுதினார்கள். புதுப்பிக்கப்பட்ட வண்டிகளில் கரகரப்பு வரக் காரணம் பல நேரம் புது பெயின்ட்தான். எர்த் பட்டை உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பளபளவென்று பூசிவிடுகிறார்கள். உலோகத்தோடு உலோகம் தொடுவதில்லை. அந்த இடத்தைச் சுரண்டி, ரெசிஸ்டர் வகை பிளக் போட்டு, இக்னிஷன் காயிலின் பேட்டரிப் பக்கத்தில் ஒரு கண்டென்சர் வைத்தால் பெரும்பாலான இரைச்சல் அடங்கிவிடும்.

செட்டின் முதுகைத் தாங்கும் பின்பட்டியையும் பலர் தொலைத்துவிடுகிறார்கள். கனத்த பெட்டி முன்னாலுள்ள இரண்டு தண்டுகளில் மட்டும் தொங்கினால் பாறை வழியில் ஆடி ஆடி டேஷ்போர்டுத் தகட்டையே விரிசல்விட வைக்கும். அந்தப் பட்டி எர்த்துக்கும் ஒரு வழி.

டேஷ்போர்டு என்றதும் ஒரு பழைய காயத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கேசட் பிளேயர் மோகம் வந்த காலத்தில் 182 மில்லிமீட்டர் அகலம், 53 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒரு செவ்வகத்தை எத்தனையோ பிரான்கோ, ஸ்கௌட் தகடுகளில் ரம்பம் வைத்து அறுத்தார்கள். இன்று அதே தகட்டுக்காக உதிரிச் சந்தையில் அலைபவர்கள் நீங்கள்தாம். அன்று அறுத்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசுபவர்களும் நீங்கள்தாம். ரேடியோவின் உள்ளுறுப்புகளை இன்று எறிபவர்களைப் பற்றி இன்னும் முப்பது வருடம் கழித்து அந்த வண்டிகளை வாங்கப்போகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை ஊகிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

செல்போன் பாட்டு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே புதுப் போர்டு மாற்றித் தரும் கடைகளும் நேர்மையாகத் தொழில் செய்கிறவைதாம். கேட்டதைச் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் திரும்பி வர வழி வைத்துச் செய்யலாம். சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய புளூடூத் ஆம்ப்ளிஃபயரும் தனி ஸ்பீக்கரும் வைத்தால் டேஷ்போர்டில் ஒரு திருகுகூடத் தொட வேண்டாம். பழைய ஸ்பீக்கரிலேயே கேட்க வேண்டுமென்றால், போனின் இடது வலது ஒலிகளை இரண்டு ரெசிஸ்டர்கள் வழியாக ஒன்றுசேர்த்து, ஒரு கண்டென்சர் மூலம் வால்யூம் கண்ட்ரோலின் மேல்முனைக்குக் கொடுக்கலாம். ரேடியோ கேட்கும்போது அதைத் துண்டிக்க ஒரு சுவிட்ச். நாளைக்கே வேண்டாமென்றால் இரண்டு சால்டர் முனைகளை எடுத்தால் செட் பழையபடி.

‘ஏஎம்மில் என்ன இருக்கிறது கேட்க?’ என்பது அடுத்த கேள்வி. 2024 மாடல்களிலிருந்து பெரும்பாலான புது வண்டிகளில் ஏஎம் ரேடியோ இராது என்று ஃபோர்டு நிறுவனமே முடிவெடுத்திருந்தது. மின்சாரக் கார்களின் மோட்டார் சாதனங்கள் ஏஎம் அலையில் இரைச்சல் கிளப்புகின்றன என்று சொல்லிச் சில நிறுவனங்கள் ஏற்கெனவே அதைக் கைவிட்டிருந்தன. எதிர்ப்பு கிளம்பியது, எல்லா வண்டியிலும் ஏஎம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க செனட்டில் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். 2023 மே மாதம் ஃபோர்டின் தலைமைச் செயல் அதிகாரி ஜிம் ஃபார்லி, அவசர எச்சரிக்கைகளுக்கு ஏஎம் தேவைப்படுவதைக் குறிப்பிட்டு அந்த முடிவைத் திரும்பப் பெற்றார். ஏஎம் இல்லாமல் விற்றுவிட்ட இரண்டு மின்சார மாடல்களுக்கும் சாஃப்ட்வேர் மூலம் சேர்த்துத் தருவதாகவும் அறிவித்தார். புது வண்டியில் ஏஎம் இருக்க வேண்டுமென்று அத்தனை பேர் வாதாடும் நாட்டில், பழைய பிரான்கோவிலிருந்து அதன் உரிமையாளரே அதைப் பிடுங்கிப் போடுவது வேடிக்கைதான்.

இரவில் ஏஎம் வேறு பிறவி எடுக்கும். பகலில் அலையை உறிஞ்சிக்கொள்ளும் வளிமண்டல அடுக்கு பொழுது சாய்ந்ததும் கரைந்துவிடுகிறது. அலை மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்குகிறது. 50 கிலோவாட்டில் ஒலிக்கும் பெரிய நிலையங்கள் மாநிலம் தாண்டிக் கேட்கும். டென்வரின் கேஓஏ 850ல், சால்ட் லேக் சிட்டியின் கேஎஸ்எல் 1160ல், லாஸ் ஏஞ்சலஸின் கேஎஃப்ஐ அதே முக்கோணம் இருந்த 640ல். செல்போன் கோபுரம் எட்டாத பாலைவனத்தில் இந்தப் பெட்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஆகவே, இந்த மடலின் வேண்டுகோள்கள் சில. செட்டின் உள்ளுறுப்புகளைக் கழற்றும் முன் மூடி திறந்து, ஸ்பீக்கரும் பல்பும் வைத்து ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். தனக்கு வராதென்றால் ஊரில் எஞ்சியிருக்கும் பழைய ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுக்கலாம். ஹோவர்ட் சாம்ஸ் நிறுவனம் கார் ரேடியோக்களுக்கென்றே வரிசையாக வெளியிட்ட சர்க்யூட் புத்தகங்கள் பழைய புத்தகச் சந்தையில் இன்னும் கிடைக்கின்றன. செட்டோடு அதையும் சேர்த்துக் கொடுத்தால் அவர் மகிழ்ந்துபோவார். புதுப் போர்டுதான் வேண்டுமென்று முடிவெடுத்தவர்கள் கடைக்காரரிடம் பழைய உள்ளுறுப்புகளைத் திருப்பிக் கேட்டு வாங்கி, ஒரு டப்பாவில் போட்டு, எந்த வண்டியினுடையது என்று எழுதிவைக்க வேண்டும். வண்டியை விற்கும்போது அந்த டப்பாவும் கூடவே போகட்டும்.

செட் மீண்டும் வண்டியில் ஏறியபின் ஒரு சின்ன வேலை பாக்கியிருக்கும். ஏரியல் சாக்கெட்டுக்குப் பக்கத்திலோ, சில செட்டுகளில் குமிழுக்குப் பின்னாலோ ஒரு டிரிம்மர் திருகு உண்டு. ஏரியலை முழுதாக நீட்டி, 1400ஐ ஒட்டி மெலிசாகக் கேட்கும் ஒரு நிலையத்தைப் பிடித்து, அந்தத் திருகைக் கால் சுற்று இப்படியும் அப்படியும் திருப்பினால் ஓரிடத்தில் குரல் எழும்பி வரும். அதோடு நிறுத்த வேண்டும். அந்தக் காலத்து வண்டிக் கையேடுகளே சொல்லித்தந்த வேலைதான். புது ஏரியல் மாட்டியவர்கள் இதைச் செய்யாமல் விட்டுவிட்டுத்தான் ‘ரேடியோ எடுக்கவே மாட்டேன்கிறது’ என்று குறைப்படுகிறார்கள்.

யூட்டாவின் மோவாபில் 1967 முதல் நடந்துவரும் ஈஸ்டர் ஜீப் சஃபாரிக்கு அடுத்த வசந்தத்திலும் நீங்கள் போவீர்கள். பகலெல்லாம் செம்பாறையில் ஏறி இறங்கிவிட்டு, இருட்டியபின் எஞ்சினை அணைத்து, சாவியை அக்சஸரியில் வைத்து, டயலை 1160க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். மஞ்சள் டயல் விளக்கு எரிந்து, முதலில் கொஞ்சம் இரைச்சலும் அதன் பின்னால் சால்ட் லேக் சிட்டியின் குரலும் வந்தால் இந்த மடலை எழுதியவருக்கு அது போதும்.

அன்புடன்,
பழைய ரேடியோக்களின் சார்பில் ஒருவர்